வீரசோழனில் ரம்பத்துக்குப் பல் பார்க்கிறார்கள்!

'வீரசோழன்' என்று பஸ் போர்டில் பார்த்ததும் கோட்டை, கொத்தளம், யானைப்படை என்று கற்பனையை ஓடவிடாதீர்கள். பெயரில் மட்டும்தான் சோழர். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் ஆட்சி நடத்துவது ஓர் அந்நிய வம்சம். சீமைக்கருவேலம்!

மதுரையிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் அருப்புக்கோட்டை. தறிச் சத்தம் கேட்கிற ஊர். அங்கிருந்து கிழக்கே திரும்பி, ரமண மகரிஷி 1879-ல் பிறந்த திருச்சுழியைத் தாண்டி, நரிக்குடி போய், அதற்கும் அப்பால் வீரசோழன். விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கு ஓரம். கொஞ்சம் காலை நீட்டினால் ராமநாதபுரம் மாவட்டத்தில் இடிக்கும். பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை... கையை வெளியே நீட்டாதீர்கள். ரோட்டோர முள் ரத்த தானம் வாங்கிக்கொண்டுதான் விடும்.

வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். அரைகுறையாக நிறைந்தால் மிளகாய், பருத்தி. அதுவும் இல்லையா... விறகு! மழை ஏமாற்றிய வருஷத்திலும் ஏமாற்றாமல் விளைவது இந்த மரம் ஒன்றுதான். வெட்டி, துண்டு போட்டு, அடுக்கி, செத்தையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைத்து, நாள் கணக்கில் புகையவிட்டால் கரி. இதற்குப் பெயர் மூட்டம் போடுவது. நாலைந்து டன் விறகு உள்ளே போனால் ஒரு டன் கரி வெளியே வரும். மூட்டத்தை ராத்திரி பகலாகக் காவல் காக்க வேண்டும். எங்காவது மண் விரிந்து காற்று புகுந்தால், கரிக்குப் பதில் சாம்பல்தான் மிஞ்சும். விபூதிக்குக்கூட ஆகாது!

"இந்த மரத்தை காமராஜர் காலத்துல ஹெலிகாப்டர்ல வந்து தூவுனாங்க" என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். ஆனால் 1870-களிலேயே இது சென்னை மாகாணத்துக்கு வந்தாகிவிட்டது. ஜமைக்காவிலிருந்து வந்த விதை. ஹெலிகாப்டர் எல்லாம் வேண்டாம். ஆடு போதும். இதன் நெற்று இனிக்கும். ஆடு மாடுகள் ஆசையாகத் தின்னும். விதை மட்டும் செரிக்காமல் புழுக்கையோடு உரமும் சேர்ந்து வெளியே வந்து முளைக்கும். வீரசோழனின் வாரச்சந்தை ஆட்டுக்குப் பேர் போனது. நாலு திசைக்கும் ஆடு போகிற ஊரில் மரத்துக்கு வேறு விளம்பரம் எதற்கு?

அந்தச் சந்தையில் ஒரு காட்சியைக் கவனிக்கலாம். ஆடு வாங்க வருகிறவர் முதலில் அதன் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். இரண்டு பல்லா, நாலு பல்லா? பல்தான் ஆட்டின் ஜாதகம். வயசை மறைத்து விற்க முடியாது.

இந்த வட்டாரத்தில் பல் பார்த்து வாங்க வேண்டிய இன்னொரு ஜீவன் இருக்கிறது. பெட்ரோல் குடிக்கும். காது கிழியக் கத்தும். செயின் ரம்பம்!

முன்பெல்லாம் கருவேலம் வெட்டுவதற்கு அரிவாள், கோடாலி, முள்ளை ஒதுக்க ஒரு கவைக்கம்பு. அவ்வளவுதான். இப்போது மிஷின் வந்துவிட்டது. மூட்டத்துக்குத் துண்டுகள் ஏறக்குறைய ஒரே நீளமாக இருந்தால்தான் அடுக்க வாட்டமாக இருக்கும். மரத்தைச் சாய்ப்பதைவிட, சாய்த்ததைத் துண்டு போடுவதில்தான் இடுப்பு ஒடியும். மிஷின் காப்பாற்றியது அந்த இடுப்பைத்தான்.

மிஷினின் பூர்வீகம் கேட்டால் மயக்கம் வரும். சங்கிலியில் பல் வைத்து அறுக்கிற யோசனை 1780-களில் ஸ்காட்லாந்து டாக்டர்கள் இரண்டு பேருக்கு வந்தது. மரம் அறுக்க அல்ல ஸார், சிக்கலான பிரசவத்தில் எலும்பு அறுக்க! அது கையால் இழுக்கிற சின்னச் சங்கிலி. 1926-ல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் மரம் அறுக்க மின்சார ரம்பம் செய்தார். தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஒற்றை ஆள் தூக்குகிற பெட்ரோல் மிஷினை அவர் கம்பெனி 1950-ல் கொண்டுவந்தது. நடுவில் 1946-ல் அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு புழு மரத்தைக் குடைவதை உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். இடமும் வலமுமாக மாறி மாறிக் கொரிக்கிற அதன் தாடையைப் பார்த்துச் சங்கிலிப் பல்லின் வடிவத்தை மாற்றினார். இன்றைய சங்கிலிகளெல்லாம் அந்தப் புழுவின் வாரிசுகள்தாம்.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். 'எனக்கும் ரம்பத்துக்கும் என்ன சம்பந்தம்? எங்க ஆபீஸ்ல பேசியே அறுக்கிற மேனேஜர் இருக்கார், அது போதும்' என்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. ஊரில் தாத்தா விட்டுப்போன இரண்டு ஏக்கர் கருவைக்காடாகிக் கிடக்கும். ஊரிலிருந்து போன் வரும். "தம்பி, கூலி ஆள் கிடைக்கல. ஒரு மிஷினு வாங்கி அனுப்பு." நீங்கள் ஏ.ஸி. அறையில் உட்கார்ந்து மொபைலைத் தடவுவீர்கள். '58 சி.சி., 22 அங்குலம், பயங்கரப் பவர், பாதி விலை' என்று ஒன்று கண்ணடிக்கும். படத்தில் முன்பக்கம் சிங்கப்பல் மாதிரி பெரிய பற்கள் வேறு. ஆர்டர்! வெயிலில், லுங்கியும் ரப்பர் செருப்புமாக அதைப் பிடிக்கப் போவது அறுபது வயசு அப்பா. அதை விளம்பரம் சொல்லாது.

அந்த முன்பல்லைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சங்கிலிப் பல் வேறு, இது வேறு. வாள்பட்டை மிஷின் உடம்போடு சேருகிற இடத்தில், போல்ட் போட்டு முடுக்கிய பல் வைத்த தகடு. இது சுற்றாது, அறுக்காது. சும்மா நிற்கும். பிறகு எதற்கு?

கண்மாய்க்கரையில் துண்டு போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டோம்.

"அண்ணே, இந்தப் பல்லு எதுக்கு?"

"அதுவா தம்பி... மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி. அது இல்லேன்னா மிஷினு நம்மளை இழுத்துக்கிட்டுப் போயிரும்ல!"

இதைவிடச் சுருக்கமாக எந்த இன்ஜினீயரும் சொல்ல முடியாது. சங்கிலி நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வாள்பட்டையின் அடிப்பக்கத்தால் அறுக்கும்போது மிஷின் கட்டையை நோக்கி முன்னால் பாயப் பார்க்கும். முன்பல்லைக் கட்டையில் பதித்துவிட்டால் அந்த இழுப்பைப் பல் வாங்கிக்கொள்ளும். பிறகு பின் கைப்பிடியை மெல்லத் தூக்கினால், பல் ஊன்றிய இடம் கீல் மாதிரி நிற்க, வாள் தானாகக் கீழே இறங்கும். கடப்பாரையால் கல்லை நெம்புகிற அதே கணக்குதான். தோளும் மணிக்கட்டும் பிழைத்தன.

ஆக, பெரிய பல்லாக வாங்கிவிடலாமா? அவசரப்படாதீர்கள். பல் பெரிசா என்பது கேள்வியில்லை. மரம் பெரிசா என்பதுதான் கேள்வி. புளி, வேம்பு போன்ற பெருத்த அடிமரத்தைத் துண்டு போட, இரண்டு பக்கமும் இரும்புப் பல் இருந்தால் சுகம். தடித்த பட்டையைத் தாண்டிக் கட்டையில் பதிய நீளமான பல் வேண்டும். கருவேலமோ ஒரே தூரிலிருந்து ஏழெட்டுக் கிளை வெடித்துக் கிளம்புகிற ஜாதி. கையளவு, தொடையளவு கனம்தான் அதிகம். அதில் பெரிய பல் கிளையிலும் பட்டையிலும் மாட்டி இழுக்கும். தூக்கி நடக்கும்போது நம் தொடையையே பதம் பார்க்கும். வாளின் நீளத்திலும் ஓர் அங்குலத்தை முழுங்கிவிடும். கருவேலத்துக்கு உள்பக்கம் ஒரே ஒரு குட்டைப் பல் போதும். சில சின்ன மிஷின்களில் பிளாஸ்டிக் பல் வரும். தினசரி வேலைக்கு இரும்பாகப் பார்த்து வாங்குவது நல்லது. அதிர்வில் போல்ட் தளரும். வாரம் ஒரு தரம் முடுக்க வேண்டும். அதற்காகப் பலம் காட்டி முறுக்கினால் உள்ளே மரை போய்விடும்.

வாளும் அப்படித்தான். கருவேலத்துக்கு 14 அல்லது 16 அங்குலம், 35-லிருந்து 45 சி.சி. தாராளம். 22 அங்குலம் வாங்கினால், மிச்ச வாள் கட்டைக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு எதையாவது தொடும். வாளின் நுனியில் மேல் கால்பாகம் எதிலாவது இடித்தால், கண் இமைக்கும் நேரத்தில் மிஷின் முகத்தை நோக்கித் துள்ளும். பின்னிப் பிணைந்த கருவைப் புதருக்குள் நுனி இடிக்காமல் இருக்குமா? எனவே கைக்கு முன்னால் இருக்கிற செயின் பிரேக் 'டக்'கென்று பிடிக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். பிரேக் பிடிக்காத மிஷினை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

முன்பல்லுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. நெம்புகோல் கிடைத்த தைரியத்தில், மழுங்கின சங்கிலியைக்கூட அழுத்தி அழுத்தி இறக்கலாம். புகை வரும், வாள் சூடேறும், கடைசியில் மிஷினும் ஆளும் சேர்ந்து படுப்பார்கள். கூர் இருக்கிறதா என்று அறுபட்டு விழுவதைப் பார்த்தே சொல்லிவிடலாம். சீவல் சீவலாக விழுந்தால் கூர். மாவாக விழுந்தால் மழுக்கல். கருவேலம் வைரம் பாய்ந்த கட்டை. போதாததற்கு, தூரை ஒட்டி அறுக்கும்போது ஒரு நொடி மண்ணைத் தொட்டாலும் போச்சு. அதனால் இங்கே ஆளின் திறமை அறுப்பதில் இல்லை, அரம் போடுவதில்தான் தெரிகிறது. பெட்ரோல் ஊற்றுகிறபோதெல்லாம் இரண்டு இழுப்பு அரம். சின்னச் சங்கிலிக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் உருண்டை அரம். ஆயிலும் கம்பெனி சொல்கிற கணக்கில். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கண் திட்டம் கூடாது!

மரத்தைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. பஞ்சு உருண்டை மாதிரி மஞ்சள் பூவும், மணிமாலை மாதிரி நெற்றும் இருந்தால் அது நம் நாட்டுக் கருவேலம். அதை விட்டுவிடுங்கள். கலப்பைக்கும் வண்டிக்கும் மரம் கொடுத்த புண்ணியவான். சீமைக்காரனின் பூ, வால் மாதிரி நீளமாக இருக்கும். இரண்டாவது, கண்மாய்க்குள் நிற்கிற மரம் ஏலம் எடுத்தவருக்குத்தான் சொந்தம்.

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டு, ஊர் ஊராகச் சீமைக்கருவேல ஒழிப்பு தடபுடலாக நடந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நியக் களைத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. மரம் அசைந்ததா? மிஷின் அறுப்பது மேலே இருப்பதைத்தான். தூர் மண்ணில் இருக்கிறவரை மறுபடி துளிர்க்கும். அமெரிக்காவில் அரிசோனா சுரங்கம் ஒன்றில் இதன் உறவுக்கார மரத்து வேரைச் சுமார் 53 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள்! நிலத்தைத் திருத்த வேண்டுமானால் தூரோடு தோண்டியெடுக்க வேண்டும். விறகு மட்டும் போதுமென்றால் ரம்பம் போதும். எதற்கு வாங்குகிறோம் என்பதை முதலில் அப்பாவிடம் கேட்டுவிடுங்கள்.

அப்படியே இன்னொன்றும் கேளுங்கள்... கால் சைஸ் என்ன? மிஷினோடு ஒரு ஜோடி நல்ல ஷூ, ஒரு முரட்டு ஜீன்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். பெரிய மிஷினுக்குப் பதில் சின்ன மிஷின் வாங்கினால் மிச்சமாகிற காசிலேயே இதெல்லாம் வந்துவிடும். போன் போட்டால், "எதுக்குப்பா வீண் செலவு?" என்றுதான் ஆரம்பிப்பார். விடாதீர்கள். ஷூ சைஸ் கேட்கிற சாக்கிலாவது அப்பாவிடம் நாலு வார்த்தை பேசின மாதிரி இருக்கும்!