வசூல் நோட்டும் ஐம்பது மீட்டரும்

போன லீவுக்கு ஊருக்குப் போய் நாலு நாளும் ரசீது புக்கோட அலைஞ்சேன். "வேலை போயிருச்சாடா?"ன்னு அம்மாவே கேட்டுட்டாங்க :-)

மேட்டர் இதுதான். என் சித்தப்பா மகனுக்கு வயசு பத்தொம்பது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். அவன் போற சிறப்புப் பள்ளியிலருந்து பன்னெண்டு பேர் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் ஓட்டப் போட்டிக்குக் கிளம்புறாங்க. இதுல விளையாடுறவங்ககிட்ட கட்டணம் வாங்கக் கூடாதுங்கறது அந்த அமைப்போட விதி. ஆனா ஷூவும் வேனும் விதியில வராதே! அதான் வசூல்.

ராயப்பன்பட்டிக்கு வசூல் புதுசில்ல. திருவிழா, வாலிபால் மேட்ச்னு எல்லாத்துக்கும் நோட்டு போகும். நானும் மொத நாள் முகத்தைச் சோகமா வச்சுக்கிட்டு ஆரம்பிச்சேன். நல்லாவே தேறிச்சு. "பாவம்ப்பா, வச்சுக்க"ன்னு நூறும் இருநூறுமா விழுந்துச்சு. நாலாவது வீட்டு வாசல்ல தம்பி என் கையை உதறிட்டான்.

"அண்ணே, நான் ஓடுவேன்னு சொல்லு."

அவன் பக்கத்துல நிக்கறதையே மறந்துட்டு பேசியிருக்கேன்.

மறுநாள்லருந்து பேச்சை மாத்தினேன். 2023 ஜூன்ல பெர்லின்ல நடந்த உலகப் போட்டியில நம்ம நாட்டு ஆளுங்க 202 பதக்கம் வாங்கினாங்க, அதுல 76 தங்கம்னு சொன்னேன். டீக்கடையில ஒருத்தர், "அதுல எல்லாருக்கும் மெடல் குடுத்துருவாங்களாம்ல?"ன்னார். எனக்கும் அப்படி ஒரு நெனப்பு இருந்துச்சு, பொய் சொல்லல. படிச்ச பிறகுதான் புரிஞ்சுது. முதல்ல தகுதி ஓட்டம் வச்சு நேரம் எடுப்பாங்க. வயசு, ஆண் பெண், வேகம் எல்லாம் பார்த்து, ஏறக்குறைய சமமா ஓடுறவங்களை மூணுலருந்து எட்டு பேர் வரை ஒரு பிரிவாக்குவாங்க. அதுக்குள்ள நெசமான போட்டி. முதல் மூணு பேருக்குத்தான் மெடல், மத்தவங்களுக்கு ரிப்பன். நம்ம பாஷையில சொன்னா சார்ட்டிங் பண்ணிட்டு ஓட விடறது.

இப்படி விளக்கினதும் வசூல் பாதியா கொறஞ்சுது. பாவத்துக்குக் குடுக்கற கை, பந்தயத்துக்கு யோசிக்குது.

கடைசி நாள் ஒரு திராட்சைப் பந்தலுக்குள்ள குனிஞ்சு போனோம். அங்க வேலையா இருந்த பெரியவர் முழுசா கேட்டுட்டு, "அம்பது மீட்டரை எத்தனை செகண்டுல ஓடுவான்?"னார். முழிச்சேன். அதை நான் கேட்டதே இல்ல.

"பதினொண்ணு. மொதல்ல பதிமூணு"ன்னான் தம்பி.

"பரவால்லயே. எறங்கியிருக்கு."

ஐநூறு ரூபா குடுத்தார். போய்ட்டு வந்து சொல்லணும்னு தம்பிகிட்டதான் சொன்னார், என்கிட்ட இல்ல.

போட்டிக்கு நானும் தன்னார்வலனா போனேன். ஸ்டாப்வாட்ச் தருவாங்கன்னு நெனச்சேன், தண்ணி கேன் தூக்க விட்டாங்க. நாள் முழுக்க வெயில். ஓடி முடிச்ச பசங்களைக் கூட்டிட்டு வந்து நிழல்ல உக்கார வைக்கணும், அதுல ரெண்டு பேர் திரும்ப டிராக்குக்கே ஓடினாங்க.

தம்பி ஃபைனல்ல நாலாவது. ரிப்பனை வாங்கி பாக்கெட்ல திணிச்சவன் வேன்ல யாரோடயும் பேசல. சமாதானம் சொல்லப் போய், அவன் முறைச்சதும் வாயை மூடிக்கிட்டேன். தோத்தவனுக்குக் கோவம் வரத்தானே செய்யும்?

மறுநாள் காலையில அவனே என்னை எழுப்பினான். பந்தலுக்குப் போனோம்.

"நாலாவது"ன்னான், தரையைப் பார்த்துக்கிட்டு.

"எத்தனை செகண்டு?"

"பத்தரை."

பெரியவர் கத்திரியைக் கீழ வச்சுட்டு, மூணாவது வந்தவன் எவ்வளவுன்னு கேட்டார். அதுக்கும் தம்பிகிட்ட பதில் இருந்துச்சு.