கதவில் ஓடிய கைரேகை

எங்கள் வீட்டு அலமாரிக் கதவில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொள்ளலாம். அப்படி ஒரு பளபளப்பு! எம்.டி.எஃப். பலகையில் தேக்கு வெனீர் ஒட்டி, பி.யூ. பாலிஷ் அடித்து, கண்ணாடியாகத் தேய்த்த நாலு கதவுகள். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் தயாராகி, திருவள்ளூரில் டெம்போவிலிருந்து இறங்கியபோது தெருவே வேடிக்கை பார்த்தது.

2024 தையில் கிரகப்பிரவேசம். பட்டறைக்குத் தரவேண்டிய பாக்கி 12 ஆயிரத்தை, 'சித்திரையில தர்றேன்' என்று நிறுத்தி வைத்திருந்தேன். சித்திரையும் வந்தது. படுக்கையறையில் ஏ.சி. ராப்பகலாக ஓடியது. ஒரு நாள் காலை மீசையை ஒதுக்கும்போது கன்னத்தில் மெல்லிசாக ஒரு கீறல். தடவிப் பார்த்தேன். கன்னம் பத்திரமாக இருந்தது. கீறல் கதவில்!

ஒரே வாரத்தில் நாலு கதவிலும் தலைமுடி மாதிரி நெடுக நெடுகக் கோடுகள். "கைரேகை ஜோசியரைக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி. எனக்கோ (வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்) உள்ளூர ஒரு சந்தோஷம். பாக்கியைத் தரவேண்டாமே!

பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி, வசனங்களை ஒத்திகை பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். பாலிஷ் மாஸ்டர் நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"துட்டன்காமுன் கல்லறையை 1922-ல திறந்தாங்க. 3,300 வருஷத்து வெனீர் பெட்டியெல்லாம் கிடைச்சுதாம். உங்க கதவு மூணு மாசம் தாங்கலையே!" என்று முடித்தேன்.

"அங்கே மழை ஏது சார்? நமக்குப் பக்கத்துலயே பழவேற்காடு ஏரி" என்றார் நிதானமாக.

அப்புறம் பாடம் நடந்தது. மரம் ஈரத்தைக் குடித்தால் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. காற்றில் ஈரப்பதம் 80 சதவிகிதம் இருந்தால் மரத்தில் 16 சதவிகிதம் ஈரம் நிற்கும், ஏ.சி. அறையில் அது 9-க்கு இறங்கிவிடும். வெனீரோ அரை மில்லிமீட்டர். சுருங்கப் பார்க்கிறது, பசை விடமாட்டேன் என்கிறது. பாவம், நார் ஓடும் திசையிலேயே பிளந்து, மேலே இறுகிக் கிடக்கும் பாலிஷையும் சேர்த்துக் கிழிக்கிறது. மங்கல் பாலிஷ் என்றால் கண்ணுக்கே தெரியாது. மிரர் ஃபினிஷ் காட்டிக்கொடுத்துவிடும்.

"அப்போ தப்பு உங்களோடதுதானே? ஈரப் பலகையில ஏன் ஒட்டினீங்க?"

மாஸ்டர் ஆர்டர் நோட்டைப் புரட்டினார். 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த மாசம். 'பலகையும் வெனீரும் ஏ.சி. ரூம்ல பத்து நாள் காயணும்' என்று அவர் கையெழுத்து. குறுக்கே கோடு போட்டு, 'அவசரம்' என்று என் கையெழுத்து! கீழே, 'பின்பக்கமும் வெனீர், பாலிஷ்'. அதற்கும் கோடு. பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று 4,500 ரூபாய் மிச்சம் பிடித்திருந்தேன். (பி.காம். படித்த மூளை!) இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மூடினால்தான் ஈரம் சமமாக ஏறி இறங்கும், நாலு ஓரத்தையும் அடைக்கவேண்டும். இல்லாவிட்டால் பலகை வளைந்து இழுக்கும். அப்போதே சொன்னாராம். நான் கால்குலேட்டரில் இருந்தேனாம்.

"நீங்க சொன்னாலும் நான் ஒத்துக்கிட்டிருக்கக் கூடாது சார். என் பங்கும் இருக்கு" என்றார். பிறகு தயங்கி, "அந்தப் பாக்கி வராததால பையன்களுக்குப் பொங்கல் காசு பாதிதான் குடுத்தேன்" என்றார்.

வெனீரைத் தேய்த்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனத்தில் இதற்குப் பதில் இல்லை. பாக்கி 12 ஆயிரத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்தேன். கதவுகளைக் கழற்றி அனுப்புகிறேன் என்றேன். வெனீரைச் சுரண்டி மறுபடி செய்ய ஆகும் செலவில் ஆளுக்குப் பாதி.

"எப்போ கிடைக்கும் மாஸ்டர்?"

இரண்டு ஊசி வைத்த மீட்டரை எடுத்துக் காட்டினார். "இதுதான் சார் சொல்லணும்."

மூன்று வாரம் எங்கள் அலமாரி கதவில்லாமல் நின்றது. வருகிறவர்கள் எல்லாம் என் பனியன்களை எண்ணிவிட்டுப் போனார்கள். போன் செய்தால் மாஸ்டர், "இன்னும் பதினாலு சார்" என்பார். நாலு நாள் கழித்து, "பன்னெண்டு." மனைவி பக்கத்தில் நின்று, "என்னவாம்?" என்பாள்.

"ஜுரம் இறங்கிக்கிட்டு இருக்காம்" என்பேன்.