ஜாலான் பாசாரில் 22 வெள்ளி ஆம்ப்ளிஃபையர்

சுங்கை பூலோ என்றதும் பலருக்குப் பூச்செடிதான் நினைவுக்கு வரும். 1930-இல் தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பைச் சுற்றி வளர்ந்த நாற்றுப்பண்ணைகளுக்கு, வார இறுதியில் கிள்ளான் பள்ளத்தாக்கே கார் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. செடி, தொட்டி, உரம் எல்லாம் இங்கே கிடைக்கும். ஆம்ப்ளிஃபையர் போர்டு வேண்டுமென்றால் மட்டும் நாம் ரயில் ஏற வேண்டும்.

2023 மார்ச்சில் புத்ராஜெயா எம்.ஆர்.டி. தடம் முழுதாகத் திறந்த பிறகு அந்தப் பயணம் சுலபமாகிவிட்டது. டாமன்சாரா டாமாய், கெப்போங் பக்கமெல்லாம் வானத்தில் ஓடும் ரயில், செந்தூலை நெருங்கும்போதே மண்ணுக்குள் புகுந்துகொள்ளும். சான் சௌ லின்னில் இறங்கி எல்.ஆர்.டி. மாறினால் அடுத்த நிலையம் புடு. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் ஜாலான் பாசார். பழைய கடைவீடுகளின் கீழ்த்தளம் முழுக்கக் கம்பிச் சுருள், கரவோக்கே மைக், ஸ்பீக்கர் கோன், அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகச் சிப்புகள். இணையத்தில் இதைவிட மலிவாக வாங்கலாம்தான். ஆனால் பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க முடியாதே!

நான் தேடிப் போனதற்குக் காரணம் அம்மா. வயது 68. தொலைக்காட்சியில் எல்லாரும் "முணுமுணுன்னு பேசுறாங்க" என்பது அவருடைய தினசரிப் புகார். மெல்லிய தொலைக்காட்சிகளின் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழேயோ பின்னாலேயோ பார்த்திருக்கும். பேச்சு சுவரில் பட்டுத்தான் நம்மிடம் வரும். வீட்டிலோ அப்பா வாங்கிய ஒரு ஜோடி மரப்பெட்டி ஸ்பீக்கர்கள், 8 ஓம், சும்மா கிடந்தன. அவற்றை ஓட்டிய பழைய ஆம்ப்ளிஃபையர் எப்போதோ உயிரை விட்டுவிட்டது. அப்பாவும் இப்போது இல்லை. பெட்டிகளைத் தூக்கிப் போட அம்மாவுக்கு மனமில்லை, எனக்கும்தான்.

கடையில் நின்ற வயதான சீன அங்கிளிடம் கேட்டேன். "மாவு ஒரிஜினல் கா, மாவு முரா கா?" என்றார். இரண்டும் என்றேன். சிரித்தார். மூன்று போர்டுகள் எடுத்து வைத்தார்: 4 வெள்ளிக்கு விரல்நகம் அளவு ஒன்று, 22 வெள்ளிக்கு வெப்பத்தகடு வைத்த ஒன்று, 38 வெள்ளிக்கு "100 வாட் + 100 வாட்" என்று பெரிதாக அச்சிட்ட ஒன்று. மூன்றும் கிளாஸ் டி.

இந்த "டி" டிஜிட்டல் அல்ல. ஏ, பி, சி வகைகளுக்குப் பிறகு வந்ததால் டி, அவ்வளவுதான். பழைய ஏ.பி. வகையில் டிரான்சிஸ்டர்கள் பாதி திறந்த குழாய் போல வேலை செய்யும். ஒலியாகாத மின்சாரம் வெப்பமாகும். அதனால்தான் அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபையர் மேல் பூனை தூங்கும். கிளாஸ் டி, மைக்ரோவேவ் அடுப்பு மாதிரி. பாதிச் சூடு கேட்டால், பெரும்பாலான மைக்ரோவேவ்கள் முழுச் சூட்டில் கொஞ்ச நேரம் எரிந்து கொஞ்ச நேரம் அணையும் இல்லையா? இங்கே அந்த எரிவதும் அணைவதும் விநாடிக்கு லட்சக்கணக்கான முறை. கடைசியில் ஒரு சுருளும் மின்தேக்கியும் அந்தத் துடிப்பை வடிகட்டி ஒலியை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றன. மின்சாரத்தில் 90 விழுக்காடு வரை வேலைக்கே போய்விடும்.

4 வெள்ளி போர்டில் இருந்தது பி.ஏ.எம். 8403. 5 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 3 வாட். கைப்பேசி சார்ஜரிலேயே ஓடும். பிள்ளைகளின் பள்ளித் திட்டத்துக்கு அருமை. அப்பாவின் பெட்டிகளுக்குப் போதவில்லை. மற்ற இரண்டிலும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஒரே சிப், டி.பி.ஏ. 3116. ஒரே சிப் என்றால் 38 வெள்ளி போர்டில் 100 வாட் எங்கிருந்து வந்தது? தயாரிப்பாளர் சொல்வதே, 21 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தடத்துக்கு 50 வாட். அதுவும் 10 விழுக்காடு ஒலிச் சிதைவோடு.

ஒரு சின்னக் கணக்கு போதும். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரு மடங்கால் வகுத்தால், சிதையாமல் வரக்கூடிய உச்ச வாட் கிடைக்கும். 12 வோல்ட், 8 ஓம் என்றால் 9 வாட். பழைய மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டர் என்றால் ஏறக்குறைய 22.5. நிஜத்தில் இதைவிடச் சற்றுக் குறையும். பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும், சிதையாத ஒலியில் இந்தக் கணக்கை இந்தச் சிப் மீறாது. கூடத்தில் செய்தி கேட்க ஒரு வாட்டே தாராளம் என்பது வேறு விஷயம்.

வீட்டில் ஒரு வாரம் சோதித்தேன். பாட்டு எதுவும் போடாமல் ஸ்பீக்கரில் காதை வைத்து இரைச்சல் கேட்டேன். 38 வெள்ளி போர்டு "ஸ்ஸ்" என்றது, 22 வெள்ளி அமைதி. ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தேன், இரண்டுமே வெதுவெதுப்புதான். விலை அதிகமான போர்டில் மின்தேக்கிகள் 25 வோல்ட் தாங்குபவை. 24 வோல்ட் கொடுக்கலாம் என்று எழுதிவிட்டு இதை வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? 22 வெள்ளி போர்டில் 35 வோல்ட்.

எனக்குத் தொழில் வானொலி என்பதால் ஒரு சோதனை கூடுதல். கையடக்க எஃப்.எம். வானொலியை 96.3-இல் வைத்து ஒவ்வொரு போர்டின் அருகிலும் கொண்டுபோனேன். வேகமாக எரிந்து அணையும் எதுவும் சிறு ஒலிபரப்புக் கோபுரம்தான். வடிகட்டி சரியில்லாவிட்டால் பக்கத்து அறை வானொலி இரையும். 4 வெள்ளி போர்டு ஸ்பீக்கர் கம்பியையே அலைக்கம்பியாக்கி மின்னலை அடியோடு விழுங்கிவிட்டது. 22 வெள்ளி போர்டு ஒரு சாண் தூரத்தில் அடங்கியது. பிஸ்கட் டின்னுக்குள், போர்டு உலோகத்தில் படாதபடி பிளாஸ்டிக் கால் வைத்துப் பொருத்தியதும் சத்தமே இல்லை.

இரண்டு எச்சரிக்கை. இந்தச் சிப்பில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை தரைக்கம்பி அல்ல. அதிலும் சமிக்ஞை ஓடுகிறது. இடது, வலது ஸ்பீக்கர்களின் மைனஸை ஒன்றாக முறுக்கிக் கட்டாதீர்கள். இருபுறமும் தனித்தனிக் கம்பிதான். அடுத்து, போர்டில் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், சுவர் மின்சாரத்தில் பிடிக்காதீர்கள். அடாப்டரில் சிரிம் முத்திரை இருக்கட்டும்.

அடாப்டர் வீட்டிலேயே இருந்தது. போர்டு, கம்பி, முனைகள் எல்லாம் சேர்த்து 35 வெள்ளி. பெட்டிகளைத் தொலைக்காட்சியின் இரு பக்கமும், உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில் வைத்தேன். பேச்சு தெளிந்ததில் போர்டுக்குப் பாதிப் பங்கு என்றால், அந்த உயரத்துக்கு மீதிப் பாதி.

அம்மா இப்போது வானொலியையும் அதிலேயே கேட்கிறார். போன வாரம் நிகழ்ச்சி முடிந்து வீடு வந்ததும் புதுப் புகார் காத்திருந்தது: "நீ செய்தி வாசிக்கிறப்ப நடுவுல மூச்சு வாங்குறது நல்லாக் கேக்குதுய்யா. தண்ணி குடிச்சுட்டு வாசி."