டோபி காட்டில் ஏறி குளுவாங்கில் இறங்க

தைப்பூசத்துக்கு முந்திய வாரம் ஒரு சனிக்கிழமை, விடிவதற்குள் டோபி காட் நிலையத்துக்கு வந்துவிட்டேன். தோளில் ஒரு பை. அதில் தேக்காவில் முந்தின நாள் வாங்கிய மல்லிகைச் சரம், அரை கிலோ முறுக்கு, அத்தைக்கு ஒரு சுங்குடிச் சேலை. போக வேண்டிய இடம் ஜோகூர் மாநிலத்தில் இருக்கும் குளுவாங்.

சிங்கப்பூரின் போக்குவரத்து முடிச்சு எது என்று என்னைக் கேட்டால் டோபி காட் என்றுதான் சொல்வேன். 1987இல் வடக்கு-தெற்குப் பாதை, 2003இல் வடகிழக்குப் பாதை, 2010இல் வட்டப் பாதை என்று மூன்றும் இங்கே ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாற, நகரும் நடைபாதையில் நின்றபடி ஒரு முழுப் பாட்டைக் கேட்டு முடிக்கலாம். வானொலியில் வேலை பார்ப்பவள்; எனக்கு நேரத்தைப் பாட்டால் அளந்துதான் பழக்கம்.

பெயரில் இருக்கும் டோபிகள் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள். வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் வந்தவர்கள். ஆர்ச்சர்ட் சாலையோரம் ஓடிய ஓடையில் துவைத்து, இப்போது ஒய்எம்சிஏ கட்டடம் இருக்கும் பக்கம் துணிகளை உலர்த்தினார்கள். ஓடை இன்று ஸ்டாம்ஃபர்ட் கால்வாயாகிவிட்டது. துணி காய்ந்த பகுதியில் தரைக்குக் கீழே ரயில்கள் ஓடுகின்றன.

ஆனால் இந்த வட்டாரத்துக்கு ரயில் வந்தது 1987இல் அல்ல. அதற்கும் 84 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. இங்கிருந்து ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரமாகக் கால் மணி நேரம் நடந்தால் டேங்க் ரோடு. தண்டாயுதபாணி கோயில் இருக்கும் அதே சாலைதான். 1903இல் சிங்கப்பூரின் முதல் ரயில் நிலையம் அங்கேதான் திறக்கப்பட்டது. ரயில் ஆர்ச்சர்ட் சாலையைப் பாலத்தில் கடந்து, புக்கிட் தீமா வழியாக உட்லண்ட்ஸ் வரை போனது. அங்கே இறங்கிப் படகேறினால் ஜோகூர் பாரு. 1923இல் கடற்பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியதும் அந்தப் படகுக்கு வேலை போயிற்று. டேங்க் ரோட்டில் ஏறியவர் கடலைத் தாண்டி மலாயாவுக்குள் போய்க்கொண்டே இருக்கலாம்.

ஆண்டுதோறும் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து சிலிகி சாலை, டோபி காட் வழியாக டேங்க் ரோடு வரை காவடிகள் போகும்போது சாலையோரம் நின்று நேரலை செய்திருக்கிறேன். அந்தப் பாதையின் முடிவில் ஒரு காலத்தில் நாடு தாண்டும் ரயில் நின்றது என்பதை ஒருமுறைகூட நேயர்களிடம் சொன்னதில்லை. அப்போது எனக்கே தெரியாது.

1932இல் நிலையம் தஞ்சோங் பகாருக்கு மாறியது. விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில் என்று நான்கு பளிங்குச் சிலைகள் முகப்பில் நிற்கும் அந்தக் கட்டடம் என் தலைமுறையில் பலருக்கு நினைவிருக்கும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே ரயிலேறி, பள்ளி விடுமுறைக்குக் குளுவாங் போயிருக்கிறேன். 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்குக் கொண்டுபோய்விட்டது. மலேசிய அதிகாரிகளோ தஞ்சோங் பகாரிலேயே இருந்தார்கள். அதனால் நாங்கள் முதலில் மலேசியாவுக்குள் 'நுழைந்து', அப்புறம் இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, உட்லண்ட்ஸில் சிங்கப்பூரைவிட்டு 'வெளியேறினோம்'. "அப்போ நடுவுல நாம எந்த நாட்டுல இருந்தோம்?" என்று நான் கேட்டதற்கு மாமா சொன்ன பதில்: "ரயில்ல இருந்தீங்க."

மாமா என்றால் அத்தையின் கணவர். மலாயா ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. ஜோகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார். மறுநாள் முதல் மலேசிய ரயிலின் எல்லை உட்லண்ட்ஸோடு முடிந்தது. தண்டவாளம் கிடந்த 24 கிலோமீட்டரும் இன்று பசுமை நடைபாதை. நடப்பதற்கு அருமையான இடம்தான். ஆனால் மாமா ஒருமுறைகூட அங்கே வரச் சம்மதிக்கவில்லை. ரயில் ஓடின இடத்தில் நான் எதுக்கு நடக்கணும் என்பார்.

அவருக்கு நம்பிக்கை கொடுத்தது கோலாலம்பூர்-சிங்கப்பூர் அதிவேக ரயில். 2013 பிப்ரவரியில் பிரதமர்கள் லீ சியன் லூங்கும் நஜிப் ரசாக்கும் அறிவித்தார்கள். 2016 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 350 கிலோமீட்டர், 90 நிமிடம். இங்கே ஜூரோங் ஈஸ்ட், அங்கே பண்டார் மலேசியா. நடுவில் இஸ்கந்தர் புத்ரி, பத்து பகாட், மூவார், மலாக்கா, சிரம்பான், சிப்பாங்-புத்ராஜெயா. அந்தப் பட்டியலில் குளுவாங் இல்லை. "நம்ம ஊரை எட்டிக்கூடப் பார்க்காமப் போற ரயிலு" என்று மாமா சிரித்தார். இருந்தாலும் செய்தி வரும்போதெல்லாம் பத்திரிகையிலிருந்து கத்தரித்து வைத்துக்கொண்டார்.

அந்த ரயில் வரவில்லை. 2018இல் நிறுத்திவைத்தார்கள், ஒரு முறை கெடு நீண்டது, 2021 ஜனவரி 1ஆம் தேதி ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. மலேசியா 10 கோடியே 28 லட்சம் வெள்ளி இழப்பீடு கொடுத்தது. நிலையத்துக்காக நிலம் கொடுத்த ஜூரோங் கோல்ஃப் மன்றம் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது. மலேசியா தனியாரிடம் புதிய யோசனைகளைக் கேட்டிருக்கிறது, சிங்கப்பூரும் புதிதாகப் பேசத் தயார் என்கிறது. இதற்கிடையே ஜகார்த்தாவிலிருந்து பாண்டுங்குக்கு 2023 அக்டோபர் முதல் மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் ஓடுகிறது. சீன எல்லையிலிருந்து லாவோஸ் தலைநகர் வியந்தியனுக்கு 2021 டிசம்பரிலேயே ரயில் வந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து சீனாவின் குன்மிங் வரை ரயிலில் போகலாம் என்ற ஆசியான் கனவுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

எல்லோரும் அந்த 90 நிமிடத்தைப் பற்றியே பேசினோம். நானும் வானொலியில் அதைத்தான் பேசினேன். கோலாலம்பூரில் காலைப் பசியாறல், மதியம் சிராங்கூன் சாலையில் வாழையிலைச் சாப்பாடு என்றெல்லாம் நேயர்களோடு சிரித்தோம். அந்தத் திட்டத்தில் இன்னொரு வரி இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. ஏறும் நிலையத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவும் முடிந்துவிடும், இறங்கும் இடத்தில் நேராக வெளியே நடந்து போகலாம் என்ற வரி.

அதன் அருமை 2019 டிசம்பரில் தெரிந்தது. மாமா அதிகாலையில் இறந்துவிட்டார் என்று தொலைபேசி வந்தது. பள்ளி விடுமுறைக் காலம். காலை ஆறு மணிக்கெல்லாம் அப்பா, அம்மா, நான் மூவரும் காரில் கிளம்பிவிட்டோம். நண்பகலுக்கு எடுத்துவிடுவார்கள் என்று தெரியும். கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதன் மேல் நின்றுகொண்டே பொழுது போனது. வானொலியில் என் சக அறிவிப்பாளர் வாசித்தார்: உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கடும் நெரிசல், பயணத்தைத் தள்ளிப்போட முடிந்தவர்கள் தள்ளிப்போடவும். நானே நூறு முறை வாசித்த வாசகம். அப்பா கைநீட்டி வானொலியை அணைத்தார். குளுவாங் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. வீட்டு வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். கூடப்பிறந்தவளுக்குத் துணையாக நிற்க முடியவில்லை என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். அத்தை இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அடுத்த மார்ச்சில் எல்லையே மூடிவிட்டது. முதல் திதிக்கும் போக முடியவில்லை.

அதனால்தான் இந்தச் சனிக்கிழமை கையில் கடிகாரத்தோடு போனேன். டோபி காட்டிலிருந்து உட்லண்ட்ஸ் வரை எம்ஆர்டி, அரை மணிக்குச் சற்று அதிகம். உட்லண்ட்ஸிலிருந்து 950ஆம் எண் பேருந்து. இறங்கி, மேலே ஏறி, சிங்கப்பூர்ச் சோதனை முடித்து, கீழே வந்து, மீண்டும் வரிசையில் நின்று, பேருந்தேறி, பாலம் கடந்து, இறங்கி, மேலே ஏறி, மலேசியச் சோதனை. மொத்தம் ஒரு மணி ஐம்பது நிமிடம். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார். அனுபவசாலி.

ஜோகூர் பாரு சென்ட்ரலில் மின்ரயில் காத்திருந்தது. கடந்த டிசம்பரில்தான் இந்த ரயில் கோலாலம்பூரிலிருந்து ஜோகூர் பாரு வரை வரத் தொடங்கியது. குளுவாங்குக்கு ஆகஸ்ட்டிலேயே வந்துவிட்டது. அதிவேகம் என்று சொல்ல முடியாது, மணிக்கு 140 கிலோமீட்டர்தான். செம்பனைத் தோட்டங்கள் சன்னலில் வழுக்கிக்கொண்டு போயின. சுமார் ஒரு மணி நேரத்தில் குளுவாங். பாலத்தின் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம், அதற்குப் பிறகு வந்த ஏறக்குறைய நூறு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்! நமக்கு வேகம் குறைவாக இருந்த இடம் தண்டவாளம் அல்ல.

இந்த ஆண்டு முடிவுக்குள் ஓடவிருக்கும் ஆர்டிஎஸ் ரயிலின் மொத்த நீளமே 4 கிலோமீட்டர். உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜோகூர் பாருவின் புக்கிட் சாகார் வரை ஐந்து நிமிடம். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் போகலாம். அதிவேக ரயிலில் நான் கவனிக்கத் தவறிய அந்த வரி இதில் இருக்கிறது: ஏறும் இடத்திலேயே இரண்டு சோதனையும். 2015 முதல் ஓடும் தெப்ராவ் ரயிலும் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுகிறது. ஆனால் அதில் இடம் குறைவு. வார இறுதி டிக்கெட்டுகள் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும்.

ஒரு குறை எனக்கு உண்டு. எல்லை தாண்டும் ரயில் டேங்க் ரோட்டிலிருந்து தஞ்சோங் பகாருக்கும், அங்கிருந்து உட்லண்ட்ஸுக்கும், இனி தீவின் வடக்கு ஓரத்துக்கும் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ரயில் நவீனமானது, நகரத்திலிருந்து தள்ளியும் போனது. அந்தத் தூரத்தை நிரப்பும் வேலை டோபி காட் போன்ற நிலையங்கள் தலையில் விழுகிறது. பெட்டியும் பிள்ளையுமாக வருபவர் எத்தனை முறை மாறி ஏற வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் அந்த ஐந்து நிமிடம் அவ்வளவு சின்னதாகத் தெரியாது.

குளுவாங் நிலையத்துக் காப்பிக்கடையில் அத்தை எனக்காகக் காத்திருந்தார். 1938இலிருந்து இருக்கும் கடை. மாமா இருந்தவரை தினமும் வந்தது. மல்லிகைச் சரத்தை வாங்கி முகர்ந்துவிட்டு, "எத்தனை மணிக்குமா கிளம்புன?" என்றார். சொன்னேன். "அந்தப் புது ரயிலு வந்தா நானே வரலாமா? அடுத்த தைப்பூசத்துக்கு? முட்டி வலிக்குது, ரொம்ப ஏறி இறங்க முடியாது."

காப்பிக்கடை ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். குளுவாங். ஜோகூர் பாரு சென்ட்ரல். நடந்து புக்கிட் சாகார். உட்லண்ட்ஸ் நார்த். தாம்சன் பாதையில் ஆர்ச்சர்ட். சிவப்புப் பாதைக்கு மாறி இரண்டாவது நிறுத்தம் டோபி காட்.

"தமிழ்ல போர்டு இருக்குமா?"

"இருக்கும் அத்தை."

"அப்போ கடைசிப் பேரை மட்டும் பெருசா எழுது."

எழுதினேன். சேலைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, இன்னொரு காப்பி சொன்னார்.