‘ராத்திரி எங்கே தூங்குகிறீர்கள்?’

மும்பையின் பரேல் ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் போதும், பாதி இந்தியாவைப் பார்த்துவிடலாம். டாடா நினைவு மருத்துவமனைக்கு வெளியே நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்புகளுக்கு அடியில் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. பிகார், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம். ஒவ்வொரு குடும்பத்துக்கு நடுவிலும் ஸ்கேன் படங்கள் அடங்கிய ஒரு பை. மழை வந்தால் முதலில் காப்பாற்றப்படுவது அந்தப் பைதான்.

பரேல் ஒரு காலத்தில் கவர்னர் குடியிருந்த இடம். 1880களில் கவர்னரின் மனைவியே காலராவில் இறந்த பிறகு அந்த மாளிகையை விட்டு ஆட்சியாளர்கள் மலபார் ஹில்லுக்குப் போனார்கள். அதே மாளிகைக்கு 1899ல் பிளேக் ஆராய்ச்சிக்கூடம் வந்தது. இன்றைய ஹாஃப்கின் நிறுவனம் அதுதான். சீமான்கள் நோய்க்குப் பயந்து ஓடிய இடத்தில் மருத்துவம் குடியேறியது என்று சொல்லலாம். 1926ல் மாநகராட்சியின் கே.இ.எம். மருத்துவமனை வந்தது. பெயர் என்னவோ ஆங்கிலேய மன்னருடையது. ஆனால் இந்தியர்களே நடத்த வேண்டும் என்ற பிடிவாதத்தில் பிறந்தது. 1941ல் டாடா மருத்துவமனை. குழந்தைகளுக்கும் பிரசவத்துக்கும் வாடியா பெயரில் தனித்தனி மருத்துவமனைகள். சுற்றிலும் பஞ்சாலைகள், தொழிலாளர்களின் சால் குடியிருப்புகள். 1982 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த நிலங்களில் இப்போது கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன.

இந்தக் கோபுரங்களின் விளக்கொளியைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் பல் தேய்க்கிறார் அந்த இளம் டாக்டர். வயது 27. பரேல் வட்டாரத்தில் ஒரு பொது மருத்துவமனையில் பொது மருத்துவம் மேற்படிப்பு, இரண்டாம் ஆண்டு. பெயர் வேண்டாம் என்கிறார். விடுதி அறையில் மூன்று பேர், இரண்டு கட்டில். “பிரச்சினையே இல்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் அறையில் இருந்ததே கிடையாது.” மும்பைக்கு வந்த முதல் வருடத்தில் கடலைப் பார்த்தது இரண்டு தடவை. ஒரு தடவை ஆம்புலன்ஸிலிருந்து.

ரெசிடென்ட் டாக்டர்களுக்கு வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று மத்திய அரசு 1992லேயே வழிகாட்டியது. அதைச் சொன்னால் சிரிக்கிறார். அவருடைய யூனிட்டுக்கு எமர்ஜென்சி நாள் வாரம் ஒருமுறை. காலையில் தொடங்கினால் மறுநாள் மாலைதான் முடியும். பின்னிரவில் டீ கொடுத்து எழுப்புவது வார்டு ஆயா. ஆயாக்களை எல்லோரும் ‘மாவ்ஷி’ என்றே கூப்பிடுகிறார்கள். மராத்தியில் சித்தி. “இந்த ஊரில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஒரே ஆள்.”

நோயாளிகளிடம் கேட்கும் கேள்விகளைப் பாடப்புத்தகம் கற்றுத்தந்திருக்கிறது. மும்பை வேறு சிலவற்றைச் சேர்த்தது. ஜூலையில் காய்ச்சலோடு வருகிறவரிடம் “ஹிந்த்மாதா தண்ணீரில் நடந்தீர்களா?” என்று கேட்க வேண்டும். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் தேங்குவதற்குப் பேர்போன சந்திப்பு அது. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் நடந்தால் லெப்டோஸ்பைரோசிஸ் வரலாம். 2005 ஜூலை 26ல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய பிறகு நகரத்து மருத்துவமனைகள் கற்ற பாடம் இது.

இன்னொரு கேள்வியை அவரே கண்டுபிடித்தார். ‘எங்கே குடியிருக்கிறீர்கள்’ என்று கேட்டால் எல்லோரும் ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். கேஸ் பேப்பரில் அதுதான் விலாசமாகப் பதிவாகும். அவர் கேட்பது, “ராத்திரி எங்கே தூங்குகிறீர்கள்?” அவருக்கு இது புதிதல்ல. சொந்த ஊர் பீட் மாவட்டம். தீபாவளி முடிந்ததும் கரும்பு வெட்டப் பாதி ஊர் கிளம்பிவிடும். அப்பா பள்ளி ஆசிரியர். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் காணாமல் போவதைப் பார்த்து வளர்ந்தவர்.

ஒரு காவலாளி இருமலோடு வந்தார். இரண்டு மாத இருமல், மெலிந்த உடம்பு. சளியில் காசநோய்க் கிருமி. ராத்திரி எங்கே தூங்குகிறீர்கள்? தான் காவல் காக்கும் கோபுரத்தின் மாடிப்படிக்கு அடியில். ஜன்னல் இல்லை. கூட இரண்டு பேர். ஷிவ்டியில் இருக்கும் காசநோய் மருத்துவமனைக்கு அனுப்புகிறேன் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே மேஸ்திரிக்கு விஷயம் புரிந்துவிடும். வேலை போகும், படுக்க இடமும் போகும். விடுப்புச் சீட்டு மட்டும் கொடுங்கள், நோயின் பெயரை எழுதாதீர்கள்.

காசநோயை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். அதைச் செய்தாயிற்று. முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் படிக்கடியில் தூங்கும் அந்த இரண்டு பேர்? சரியான மருந்து தொடங்கிய இரண்டு வாரத்தில் தொற்றும் ஆபத்து வெகுவாகக் குறையும். டாக்டர் யோசித்து ‘நுரையீரல் தொற்று, இரண்டு வாரம் ஓய்வு’ என்று எழுதினார். பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. பதிலுக்கு ஒரு நிபந்தனை: அந்த இரண்டு பேரையும் பரிசோதனைக்கு அழைத்து வர வேண்டும். ஒருவர் வந்தார், நோய் இல்லை. மற்றவர் ஊருக்குப் போய்விட்டாராம். எந்த ஊர் என்று காவலாளிக்குத் தெரியவில்லை.

“சீட்டில் பெயரை எழுதியிருந்தால் மூன்று பேருமே ஓடியிருப்பார்கள்” என்கிறார் டாக்டர். கொஞ்ச நேரம் கழித்து, “அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.” யூனிட்டின் சீனியர் டாக்டர் இதைத் தவறு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அடுத்த நோயாளியைப் பார் என்றார்.

அடுத்த ஆண்டு படிப்பு முடிகிறது. பீடுக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா? அப்பாவிடமிருந்து ஞாயிறுதோறும் போன் வருகிறது. இன்னும் பதில் சொல்லவில்லை.

காவலாளி இரண்டாம் மாதச் சளிப் பரிசோதனைக்கு ஒழுங்காக வந்தார். கிருமி இல்லை; எடை மூன்று கிலோ ஏறியிருந்தது. கம்பெனி தன்னைத் தானேயில் வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டது என்றார். மீதி நான்கு மாத மாத்திரைகளை அங்கேயே வாங்கிக்கொள்ள டாக்டர் மாற்றுச் சீட்டு எழுதினார். எழுதிக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“மொட்டை மாடியில், மேடம். காற்று நன்றாக வருகிறது. மழை வந்தால்தான் கீழே போகணும்.”