ஒரு நிமிஷம் ஆச்சி!



போன டிசம்பர் மாதம் முழுவதும் என் ரெட்டைச் சடை கோணலாகவே இருந்தது. வகுப்பில் எல்லோரும் கேலி செய்தீர்கள். "கண்ணாடி பார்க்கவே மாட்டியாடி?" என்று கேட்டீர்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். உண்மையான காரணத்தை இன்று எழுதுகிறேன். எழுதும் முன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

எனக்குத் தினமும் சடை பின்னி விடுவது எங்கள் ஆச்சிதான். அந்த மாதம் ஆச்சியின் வலது கையில் மாவுக்கட்டு. அந்தக் கட்டுக்குக் காரணம் நான்.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் அம்மாவும் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். ஆச்சிக்கு இளைப்பு உண்டு. "ஏழு மணிக்கு வெந்நி வச்சு மாத்திரை கொடுத்துரு" என்று அம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

ஆறே முக்காலுக்கு வேதியியலில் ஒரு கணக்கு புரியவில்லை என்று போனை எடுத்தேன். எட்டு நிமிஷ வீடியோ, பார்த்து முடித்தேன். கணக்கும் புரிந்தது. அத்தோடு வைத்திருக்கலாம். "ஒரே ஒரு ரீல்ஸ்" என்று விரலால் தள்ளினேன். ஒரு பூனை. அடுத்து ஒரு சமையல். அடுத்து யாரோ ஆடினார்கள்.

"ஏட்டி, வெந்நி வச்சிட்டியா?" என்று ஆச்சி உள்ளே இருந்து கேட்டது எனக்குக் கேட்டது.

"இந்தா, ஒரு நிமிஷம் ஆச்சி!" என்றேன்.

பிறகு அடுப்படியில் பாத்திரம் உருண்ட சத்தம். ஓடினேன். ஆச்சி வாசற்படி தடுக்கிக் கீழே கிடந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழு ஐம்பது. என்னுடைய ஒரு நிமிஷம் அவ்வளவு நீளம்!

மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் கட்டு. ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் ஆச்சி, "கண்ணு தெரியல, கால் தடுக்கிருச்சு" என்றுதான் சொன்னார்கள். என் பெயரைச் சொல்லவே இல்லை. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

தேர்வு முடிந்ததும் கம்ப்யூட்டர் சாரிடம் போய், "அது ஏன் சார் முடியவே மாட்டேங்குது?" என்று கேட்டேன். "முடியாத மாதிரிதாம்மா அதைச் செஞ்சிருக்காங்க" என்றார். அவர் விளக்கியதையும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முன்பெல்லாம் இணையப் பக்கத்தின் அடியில் 1, 2, 3 என்று எண்கள் இருக்குமாம். அடுத்த பக்கம் வேண்டுமென்றால் நாமே அமுக்க வேண்டும். அமுக்கும் முன் போதுமா, இன்னும் வேணுமா என்று ஒரு நொடி யோசிப்போம். 2006-இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், கீழே போகப் போக அடுத்தது தானாக வந்து சேரும்படி ஒரு முறையை உருவாக்கினார். இதற்கு முடிவில்லா ஸ்க்ரோல் என்று பெயர். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. படிப்பவருக்கு ஒரு வேலை மிச்சம் என்று நினைத்தார். சமூக வலைத்தளங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. அதை நினைத்தால் குற்ற உணர்வாக இருக்கிறது என்று 2018-இல் அவரே சொல்லியிருக்கிறார்.

நம் நாட்டில் 2020 ஜூன் மாதம் டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. இவற்றில் எதைப் பார்க்கலாம் என்று நாம் தேர்ந்தெடுக்கக்கூட வேண்டாம். எந்த வீடியோவில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதையும் கணக்கில் வைத்து, அதுவே அடுத்ததை எடுத்துப் போடுகிறது. நான் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது!

இன்னொரு செய்தி. வாங்குபவரை ஏமாற்றும் திரை வடிவமைப்புகளுக்கு எதிராக மத்திய அரசு 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. 'சீக்கிரம், தீரப்போகிறது' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, நாம் கேட்காத பொருளைப் பில்லில் சேர்ப்பது, சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சுற்ற விடுவது என்று 13 வகைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அந்தப் பதின்மூன்றில் முடிவில்லா ஸ்க்ரோல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இல்லை. பணம் போனால் கணக்குக் கேட்க வழி இருக்கிறது. எனக்குப் போன ஒரு மணி நேரத்தை யாரிடம் போய்க் கேட்பது?

அதற்காகப் பழியை எல்லாம் போன் மேல் போட்டுத் தப்பிக்க நான் நினைக்கவில்லை. பக்கத்துக்கு அடி இல்லாமல் செய்தது யாரோ. ஆனால் ஆச்சி கூப்பிட்டது என் காதில் விழுந்ததே! "ஒரு நிமிஷம்" என்று சொன்ன வாய் என்னுடையதுதானே!

முதலில் போனிலேயே நேரக் கட்டுப்பாடு வைத்துப் பார்த்தேன். நேரம் முடிந்தது என்று அது சொல்லும். நான் அதை ஒதுக்கிவிட்டுத் தொடர்வேன். போன் சொல்வதைப் போனிலேயே அமுக்கிவிடலாம், அதுதான் சங்கடம். அதனால் இப்போது வேறு வழி. அம்மா ராத்திரிச் சாதத்துக்குக் குக்கர் வைக்கும்போதுதான் போனை எடுப்பேன். மூணு விசில் வந்தால் போனை வைத்துவிட்டுப் போய் அடுப்பை அணைக்க வேண்டும். விசிலை ஒதுக்க முடியாது. ஒதுக்கினால் சாதம் குழைந்துபோகும், வீடே திட்டும். இரண்டு நாள் நாலாவது விசில் வரை போயிருக்கிறேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தோழிகளே, அடி இல்லாத பக்கத்துக்கு நாம்தான் ஒரு அடி வைக்க வேண்டும். உங்கள் வீட்டில் குக்கரோ, மாட்டுக்குத் தண்ணி காட்டும் நேரமோ, தம்பியைக் கூப்பிடப் போகும் நேரமோ, எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். போனுக்கு வெளியே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜனவரியில் கட்டைப் பிரித்தார்கள். ஆச்சி மறுபடி எனக்குச் சடை பின்னுகிறார்கள். கையில் முன்பிருந்த பலம் இல்லை. சடை கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கிறது, மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிடுகிறது. யாரும் கேலி செய்யாதீர்கள்.

இந்தத் தாளின் அடி வந்துவிட்டது. மணி அடிக்கும் முன் வகுப்புக்குப் போங்கள்.



— பதினோராம் வகுப்பு மாணவி