எல்லாரையும் எழுப்பிக்கொண்டு

இராஜபாளையம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆபீஸில் பெண்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்து, 'உன் உயரம் உன் கையில்' என்று சொல்லிக் கொடுத்தார்களாம். பிரசவ விடுப்பு முடிந்து வந்தவளுக்கு இரவு ஷிப்ட் போட்டதை மட்டும் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். அதை அல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்?

'உன் கையில்' என்கிற இந்தப் பேச்சு புதிதில்லை. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்ததே, அதிலும் இதேதான். உன் கல்யாணச் செலவுக்கு நீயே சம்பாதித்துக்கொள், யார் கையையும் எதிர்பார்க்காதே என்று சொல்லித்தான் பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். மூன்று வருஷம் ஹாஸ்டல் வாசம், கடைசியில் மொத்தமாகப் பணம். நடுவில் உடம்புக்கு முடியாமல் வந்துவிட்டால் அந்தப் பணத்தையும் பல பேர் பார்க்கவில்லை.

திண்டுக்கல் பக்கம் நடந்தது வேறு. 2021 ஜனவரியில் ஆடை ஆலையில் வேலை பார்த்த ஒரு தலித் பெண் கொல்லப்பட்டாள். கைதானவன் அவளுடைய சூப்பர்வைசர். பெண்களே முன்நின்று நடத்தும் டி.டி.சி.யு. என்ற தொழிற்சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஆலை முதலாளியையும், வெளிநாட்டுத் துணிக் கம்பெனியையும் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கியது. தொல்லை நடக்கிறதா என்று கவனிக்க ஆலைக்குள்ளேயே தொழிலாளிகளை நியமித்தார்கள். தன்னம்பிக்கை வகுப்பு எடுத்து இதெல்லாம் வருமா?

இதை நினைத்துக்கொண்டேதான் பாமாவின் 'சங்கதி' நாவலைத் திரும்பப் படித்தேன். 1994இல் வந்த புத்தகம். அவர் நம் புதுப்பட்டிக்காரர்தான், வத்திராயிருப்பு பக்கம். கதாநாயகி என்று ஒருத்தியும் கிடையாது. பாட்டி பேச்சு, தெருச்சண்டை, தீப்பெட்டி ஆபீஸ் போகும் சிறுமி, குலவை, நினைத்த மாத்திரத்தில் கட்டிப் பாடும் கேலிப்பாட்டு என்று சேரித் தெருவே எழுந்து பேசுகிறது. அழுகையை விடச் சிரிப்புதான் எனக்கு அதில் பெரிய எதிர்ப்பாகப் படுகிறது.

நம் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி ஆண்டாளும் தனியாகக் கிளம்பவில்லை, கவனித்தாயா? திருப்பாவையின் முப்பது பாசுரத்தில் பத்து, தோழிகளைத் தட்டி எழுப்பவே போய்விடுகிறது. அந்தக் கூட்டத்தில் சேரிப் பெண்களுக்கு இடம் இருந்திருக்குமா என்பது பாமாவைப் படித்தபிறகுதான் எனக்குத் தோன்றியது. மார்கழி தவறாமல் பாடுகிறேன். முன்பெல்லாம் தோன்றவே இல்லை.

நாலு பேர் கூடினாலே நல்லது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. மைக்ரோ பைனான்ஸ்காரர்கள் இங்கே குழு சேர்க்கிறார்கள். ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் வேறு வழியில்லை, கட்டாவிட்டால் தங்கள் தலையில் விடியும். கம்பெனிக்குச் சம்பளமில்லாத வசூல் ஆட்கள். அதனால் உங்கள் ஆபீஸில் 'மகளிர் வட்டம்' ஆரம்பிக்கிறார்கள் என்றால், கூட்டத்தைக் கூட்டுவது நீங்களா, ஹெச்.ஆரா என்று முதலில் கேட்டுக்கொள். ஹெச்.ஆர் என்றால் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடு. பேச வேண்டியதைக் கேண்டீனில் வைத்துப் பேசுங்கள்.

அன்புடன்,
சித்தி